பதிவேட்டில் இல்லாத அம்மா: ஜூலி த லெஸ்பினாஸின் கதை

இன்ஜினியரிங் முதல் வருஷம் மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் ஒரு பேர் ஞாபகம் இருக்கும். டி-அலம்பர்ட் பிரின்சிபிள். ஓடிக்கிட்டிருக்கிற பொருளை நிக்கிற பொருள் மாதிரி பாவிச்சுக் கணக்குப் போடுறதுக்கான வழி. ரெண்டு மார்க் கேள்வி, எப்படியும் வந்துடும். நானும் மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். அந்த ஆள் யார், எந்த ஊர்க்காரர் என்று ஒரு நாள்கூட யோசிச்சதில்லை.

ரொம்ப நாள் கழித்து வேற எதையோ தேடப்போய் அவரோட வாழ்க்கைக் கதையில் மாட்டிக்கிட்டேன். பிரெஞ்சில் அவர் பெயரை ‘தலாம்பேர்’ என்று சொல்லணுமாம், இனிமே அப்படியே சொல்றேன். 1717 நவம்பரில், பாரிஸில் செயின்ட் ஜான் லெ ரோன் என்ற சின்னத் தேவாலயத்தின் படிக்கட்டில் கிடந்த பச்சைக் குழந்தை அவர். அந்தத் தேவாலயத்தின் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்தார்கள். அம்மா மதாம் த தென்சின், ஊரே அறிந்த மேட்டுக்குடிப் பெண்மணி. அப்பா ஒரு ராணுவ அதிகாரி. வளர்த்தது ஒரு கண்ணாடிவேலைக்காரரின் மனைவி. நாற்பத்தேழு வயசு வரைக்கும் அந்த வளர்ப்புத் தாயின் வீட்டிலேயே இருந்துட்டு, 1765இல் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறொரு வீட்டுக்குக் குடிபோனார்.

அந்த வேறொரு வீடு யாருடையது? அந்தக் கேள்விதான் இன்றைய எபிசோட். ஜூலி த லெஸ்பினாஸ். அவளும் முறையாகப் பிறக்காத குழந்தைதான், அவளும் பிரபு குடும்பம்தான். ஆனால் அவரைப் போலத் தேவாலயப் படியில் விடப்பட்டவள் இல்லை. கோட்டைக்குள்ளேயே வளர்ந்தவள். ‘அப்ப அவள் கொடுத்து வச்சவள்’ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

1732 நவம்பர் 9, லியோன் நகரம். ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. மறுநாள் ஞானஸ்நானம். அந்தக் காலத்துப் பிரான்ஸில் தனியாகப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பங்குத் தேவாலயத்துப் பதிவேடுதான் அரசாங்க ஆவணம். அதில் குழந்தையின் தந்தை பெயர் குளோத் லெஸ்பினாஸ், லியோன் நகரவாசி. தாய் பெயர் ஜூலி நவார், அவருடைய சட்டப்படியான மனைவி. இப்படித்தான் எழுதியிருக்கிறது.

அப்படி இரண்டு பேர் கிடையாது. ரெண்டுமே கற்பனைப் பெயர்கள்.

உண்மையான அம்மா ஜூலி தால்போன். அந்த வட்டாரத்தின் பழைய பிரபு குடும்பத்து வாரிசு, பெரிய சொத்துக்காரி. சொத்து வெளியே போகக்கூடாது என்று சொந்தத்திலேயே கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள். இது நமக்கொன்றும் புதுசில்லை. பிறகு கணவரும் மனைவியும் பிரிந்து வாழ்ந்தார்கள், ஆனால் கல்யாணம் ரத்தாகவில்லை. ‘லெஸ்பினாஸ்’ என்பதுகூட அந்தக் குடும்பத்தின் ஒரு நிலத்தின் பெயர்தான். அப்பா யார் என்று ரொம்ப காலம் வதந்திகள் மட்டும்தான் இருந்தன. இன்றைக்கு வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வது கஸ்பார் த விஷி என்ற பிரபுவை.

சரி, அப்பா பெயரை மறைத்ததுக்கு காரணம் புரியுது. அம்மா பெயரை ஏன் மறைக்கணும்? பெற்றவள் அவள்தான், வளர்க்கப்போகிறவளும் அவள்தான். எனக்கு இந்த இடம் புரிய ரொம்ப நேரம் ஆச்சு. இது மானம் மரியாதை விஷயம் மட்டும் இல்லை. சட்டம்.

அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் முறை தவறிப் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் சொத்தில் பங்கு இல்லை. சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம், அதோடு சரி. முன்னாடி பிரபுக்களுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளும் பிரபு என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. 1600இல் நான்காம் ஹென்றி போட்ட அரசாணை அதையும் எடுத்துவிட்டது. ராஜாவிடமிருந்து தனிப் பட்டயம் வாங்கினால்தான் உண்டு. அப்பா அம்மா பின்னாடி கல்யாணம் செய்துகொண்டால் குழந்தைக்கு அந்தஸ்து கிடைக்கும், ஆனால் ஒருவர் ஏற்கெனவே கல்யாணமானவர் என்றால் அந்த வழியும் அடைப்பு. ஜூலியின் அம்மா கல்யாணமானவர். ஆக எல்லாக் கதவும் மூடியாச்சு.

ஒரே ஒரு கதவு தவிர. ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த ஒரு பழைய விதி இருந்தது: கல்யாணமான பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால், அதற்கு அப்பா அவளுடைய கணவன். நம்ம பாஷையில் சொன்னால் அதுதான் டிஃபால்ட் வேல்யூ. யாரும் எதையும் நிரப்ப வேண்டாம், அம்மா பெயரை என்டர் பண்ணினதும் அப்பா பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பதிவேட்டில் ‘தால்போன் சீமாட்டியின் மகள்’ என்று ஒரே ஒரு வரி நேர்மையாக எழுதியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தை தால்போன் பிரபுவின் முறையான மகள். அக்கா, அண்ணன் மாதிரியே வாரிசு.

அதனால்தான் அம்மா பெயரும் பொய். அந்தப் பொய்யை உடைக்கச் சாட்சிகள் கிடைத்தால் அவள் கோர்ட்டுக்குப் போகலாம். ஜெயிப்பாளா என்பது வேற கேள்வி. ஆனால் போகலாம். ஜூலியின் வாழ்க்கை முழுக்க நடந்ததைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும். அவள் ஒன்றுமில்லாதவள் என்று குடும்பம் அவளை விரட்டவில்லை. அவள் ஏதாவது ஆகிவிடுவாளோ என்று பயந்தது.

குழந்தையை அம்மா தன்னோடேயே, லியோனுக்குப் பக்கத்திலுள்ள அவோஜ் கோட்டையில் வைத்து வளர்த்தார். முறையான பிள்ளைகள் இரண்டு பேர்: மகள் தியான், மகன் காமில். இவள் மூன்றாவதாக, பெயரில்லாத ஓர் இடத்தில். நல்ல படிப்பு கொடுத்தார்கள்.

அவளுக்கு ஏழு வயசு முடிந்த மாதத்தில் அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. 1739 நவம்பர். மணப்பெண் அக்கா தியான். மாப்பிள்ளை கஸ்பார் த விஷி.

ஆமாம், அதே கஸ்பார்தான். நான் தப்பாப் படிச்சுட்டேனோ என்று ரெண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். தன் காதலியின் மகளை அவர் கட்டிக்கொண்டார். ஜூலிக்கு அப்பாவே அக்கா புருஷன். அவருக்கும் தியானுக்கும் பிறக்கிற குழந்தைகள் ஜூலிக்கு ஒரு வழியில் தம்பி தங்கை, இன்னொரு வழியில் அக்கா பிள்ளைகள். இதை ஒரு ஸ்கீமாவில் போட்டால் அம்புக்குறிகள் எல்லாம் சுத்திச் சுத்தி வரும். அந்த அம்மா அந்தக் கல்யாணத்தை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் சொத்துக் கணக்கில் அதன் விளைவு தெளிவானது. ஜூலிக்குப் பங்கு போனால் நஷ்டப்படப்போகிறவர்களில் இப்போது அவளைப் பெற்ற அப்பாவும் ஒருவர்.

1748இல் அம்மா இறந்துபோனார். ஜூலிக்குப் பதினைந்து வயசு. உயிலில் அவளுக்கு வருஷத்துக்கு 300 லிவ்ர் ஆண்டுத்தொகை. பாரிஸில் மூட்டை தூக்கிப் பிழைக்கிற ஒரு கூலியாளின் ஒரு வருஷ வருமானமே ஏறத்தாழ அவ்வளவு வரும். பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் தனியாக வீடு பிடித்து வாழ முடியாது. தலாம்பேருக்கு அவருடைய அப்பா விட்டுப்போனது வருஷத்துக்கு 1200 லிவ்ர். படிக்கட்டில் கிடந்த பையனுக்குக் கிடைத்ததில் கால்வாசிதான் கோட்டையில் வளர்ந்த பெண்ணுக்கு.

அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி ஜூலியை அறிந்தவர்கள் ஒரு கதை சொல்லி வந்தார்கள். ஒரு பெட்டியின் சாவியைக் கொடுத்து, அதிலுள்ள பணம் உனக்கு என்று அம்மா சொன்னாராம். அவள் அந்தப் பணத்தை அப்படியே அண்ணன் காமிலிடம் ஒப்படைத்துவிட்டாளாம். பெருந்தன்மை என்று சொல்லித்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு வேற மாதிரிப் படுது. பதினைந்து வயசு, கையில் உயிலில் இல்லாத பணம், சுற்றி அவளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற வாரிசுகள். அந்தப் பணத்தை அவள் எங்கே வைத்துக்கொள்ள முடியும்?

அடுத்த இடம் ஷாம்ப்ரோன். பர்கண்டியின் தென்பகுதியில் விஷி குடும்பத்தின் கோட்டை. அக்காவும் அத்தானும் ‘இங்கே வந்து இரு’ என்றார்கள். அத்தான் யார் என்று சொல்லிவிட்டேன். அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை. சம்பளம் இல்லை, ஏனென்றால் ‘நம்ம வீட்டுப் பொண்ணு’. மரியாதையும் இல்லை, ஏனென்றால் நம்ம வீட்டுப் பொண்ணு இல்லை. கண்ணுக்கெதிரே இருந்தால்தான் அவள் எந்த வக்கீலையும் போய்ப் பார்க்க மாட்டாள் என்ற நிம்மதி அவர்களுக்கு. அந்தப் பிள்ளைகளில் மூத்தவன் ஆபெல் மட்டும் அவள்மேல் உண்மையான பாசம் வைத்திருந்தான். பெரியவனான பிறகும் அவளோடு கடிதத் தொடர்பை விடவில்லை. நாலு வருஷம் இப்படிப் போனது.

1752இல் ஷாம்ப்ரோனுக்கு ஒரு விருந்தாளி வந்தார். கஸ்பாரின் சகோதரி, மதாம் து தெஃபான். பாரிஸின் மிகப் புத்திசாலியான பெண்மணிகளில் ஒருவர் என்று பெயரெடுத்தவர், நாக்கு கத்தி மாதிரி. வோல்தேரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். அந்த நேரத்தில் அவருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. சொந்த ஊர்க் காற்று பட்டால் மனசு தேறும் என்று வந்த இடத்தில், மூலையில் உட்கார்ந்திருந்த இருபது வயசுக்குள்ளான ஒரு பெண் அவர் கவனத்தைக் கவர்ந்தாள். பேசிப் பார்த்தார். இவ்வளவு கூர்மையான பெண் இங்கே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறாளே என்று தோன்றியது. அந்தப் பெண் தன் சொந்த அண்ணன் மகள் என்பதும் தெரிந்தது.

ஜூலி அதற்குள் ஷாம்ப்ரோன் போதும் என்ற முடிவுக்கு வந்திருந்தாள். லியோனில் ஒரு கன்னியர் மடத்துக்குப் போனாள். துறவியாக இல்லை, வாடகைக்கு. அப்போது மடங்களில் கன்னியாஸ்திரீகளைத் தவிர பணம் கட்டித் தங்குகிற பெண்களும் இருப்பார்கள். விதவைகள், கணவரைப் பிரிந்தவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள். நம்ம ஊர் லேடீஸ் ஹாஸ்டல் மாதிரி, ஆனால் ஆயுள் முழுக்கத் தங்கலாம். அவளுடைய 300 லிவ்ருக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

மதாம் து தெஃபான் அவளைப் பாரிஸுக்குக் கூட்டிப்போக விரும்பினார். கண்ணாகவும் துணையாகவும் ஓர் ஆள் வேண்டும். அண்ணன் குடும்பம் குறுக்கே நின்றது. பாரிஸ் என்றால் வக்கீல்கள், கோர்ட், செல்வாக்குள்ள நண்பர்கள். அங்கே போய் அவள் ‘நான் யார் தெரியுமா’ என்று ஆரம்பித்துவிட்டால்? கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இந்த இழுபறி. கடைசியில் 1754இல் அந்த அம்மா குடும்பத்தை மீறியே கூட்டிக்கொண்டார். ஆனால் முன்கூட்டியே கடிதத்தில் கறாராக ஒரு நிபந்தனை: உன் பிறப்பை வைத்து எந்த உரிமையும் கோரும் எண்ணம் துளியும் இருக்கக்கூடாது, இருந்தால் வராதே. ஜூலி உறுதி கொடுத்தாள்.

இந்தக் கடிதங்களை வைத்து மதாம் து தெஃபானை வில்லியாக்குவது சுலபம். நான் அப்படிப் பார்க்கலை. அவருக்கும் அண்ணன் குடும்பத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இருந்தது. அவள்மேல் ஆசையும் இருந்தது. ஆனால் பாருங்க, வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்குகிற பத்திரத்தில் ‘உன் அப்பா யார் என்று சொல்ல மாட்டேன்’ என்பது முதல் ஷரத்து. கேட்பவர் சொந்த அத்தை.

பாரிஸில் இருவரும் வாழ்ந்த இடமும் ஒரு மடம்தான். செயின்ட் ஜோசப் கன்னியர் மடம், செயின்ட் தொமினிக் தெரு. மதாம் து தெஃபானின் குடியிருப்பு அதன் ஒரு பகுதியில் இருந்தது. அதில் முன்பு இருந்தவர் மதாம் த மோந்தெஸ்பான், பதினான்காம் லூயியின் புகழ்பெற்ற ஆசைநாயகி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்தக் கதையைச் சொல்லியே ஆகணும். மோந்தெஸ்பானும் கல்யாணமானவர். ராஜாவுக்கு அவரிடம் பிறந்த பிள்ளைகளுக்கும் அதே டிஃபால்ட் வேல்யூ பிரச்சினை. அம்மா பெயரை எழுதினால் சட்டப்படி அப்பா மோந்தெஸ்பான் பிரபு! அவர் வேற சும்மா இருக்கிற ஆள் இல்லை. ராஜா என்ன செய்தார்? 1673இல் பிள்ளைகளை முறைப்படுத்தி பட்டயம் போட்டார், அதில் அம்மா பெயரே இல்லை. அம்மா இல்லாமல் பிறந்த பிள்ளைகள்! நாட்டின் சட்டம் அதையும் பதிவு செய்துகொண்டது. அவர்களில் ஒரு மகள் ராஜாவின் தம்பி மகனையே கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு மகன் 1714இல் அரியணை வாரிசு வரிசையில்கூடச் சேர்க்கப்பட்டான். ராஜா இறந்தபின் 1717இல் அதை ரத்துசெய்தார்கள் என்பது வேற கதை.

அதே சட்டச் சிக்கல், அதே தந்திரம், தாய் பெயரை மறைப்பது. ராஜா அதைப் பிள்ளைகளுக்குச் சொத்தும் பட்டமும் கொடுக்கப் பயன்படுத்தினார். தால்போன் வீட்டில் அதைப் பிள்ளைக்கு எதுவும் போகாமல் இருக்கப் பயன்படுத்தினார்கள். ஜூலி அந்தச் சுவர்களுக்குள்ளே பத்து வருஷம் இருந்தாள்.

வேலை என்ன? மதாம் து தெஃபானுக்குப் பார்வை முற்றிலும் போய்விட்டது. ராத்திரி தூக்கம் வராது. விடியும்வரை ஜூலி புத்தகம் படித்துக் காட்டணும். அந்த அம்மா பகலெல்லாம் தூங்கிச் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அதன்பிறகு விருந்தினர் வருவார்கள். நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உடம்பை என்ன செய்யும் என்று. நான் ஒரு வருஷம் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்தேன், அதற்கே நொந்துட்டேன். இவள் பத்து வருஷம்.

ஆனால் அந்த வரவேற்பறையில் பாரிஸின் பெரிய மூளைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தன. தலாம்பேர் அங்கே வந்துபோகிறவர். அப்போது அவர் அறிவியல் அகாடமி உறுப்பினர், தீதரோவோடு சேர்ந்து கலைக்களஞ்சியம் நடத்துகிறவர், ஐரோப்பா முழுக்கப் பெயர். த்யுர்கோ வருவார், பின்னாளில் பிரான்ஸின் நிதியமைச்சர் ஆனவர். எழுத்தாளர் மார்மோந்தேல் வருவார். அந்த அம்மா எழுந்திருக்க ஆறு மணி ஆகும். இவர்கள் அஞ்சு மணிக்கே வந்து, பின்பக்கம் ஜூலியின் சின்ன அறையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரம்தான். கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வர ஆரம்பித்தார்கள்.

1764இல் மதாம் து தெஃபானுக்கு விஷயம் தெரிந்தது. பார்வையற்ற அறுபத்தேழு வயசுப் பெண்மணி, தன் வீட்டிலேயே தன் நண்பர்களைத் தனக்கு முன்னால் இன்னொருத்தி சந்திக்கிறாள் என்று கேள்விப்படுகிறார். முதுகில் குத்தியது மாதிரி இருந்திருக்கும், அதில் நியாயமும் இருக்கு. ஜூலியை வெளியே அனுப்பிவிட்டார். தலாம்பேரிடம் ‘அவளா நானா’ என்று கேட்டார். அவர் அவள் என்றார்.

இப்போது ஜூலியின் நிலைமையைப் பாருங்க. வயசு முப்பத்தொன்று. வேலை போச்சு, அதோடு வீடும் போச்சு, ஏனென்றால் ரெண்டும் ஒன்றுதான். நோட்டீஸ் பீரியட் எல்லாம் கிடையாது. திரும்பிப்போக அப்பா வீடு இல்லை, அதாவது இருக்கு, ஆனால் அது அப்பா வீடு என்று சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். சீதனம் இல்லாததால் கல்யாணமும் இல்லை. இதுவரை அவள் தலைக்கு மேல் இருந்த எந்தக் கூரையும் அவளுடையது இல்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மனசு வைத்ததால் கிடைத்தது, மனசு மாறினால் போய்விடக்கூடியது.

நண்பர்கள் காப்பாற்றினார்கள். பக்கத்திலேயே பெல்ஷாஸ் தெருவில் ஒரு வீட்டில் சில அறைகள் பிடித்துக்கொடுத்தார்கள். லக்ஸம்பர்க் சீமாட்டி மேஜை நாற்காலி எல்லாம் அனுப்பினார். மதாம் ஜோஃப்ரான் ஆண்டுத்தொகை ஏற்பாடு செய்தார். இந்த ஜோஃப்ரான், மதாம் து தெஃபானுக்கு ரொம்ப காலமாகவே போட்டி. உதவியில் கொஞ்சம் பழைய கணக்குத் தீர்ப்பதும் இருந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். எப்படியோ, தன் புகழ்பெற்ற விருந்துகளில் பெண்களைச் சேர்க்காத ஜோஃப்ரான், ஜூலியை மட்டும் உட்காரவைத்தார்.

உடனே பெரியம்மை வந்தது. முகம் தழும்பாகி, பார்வையும் பலவீனமானது. தலாம்பேர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். அடுத்து அவர் படுத்தார், அவள் பார்த்துக்கொண்டாள். அதன்பிறகுதான், 1765இல், அவர் வளர்ப்புத் தாய் வீட்டை விட்டு அதே பெல்ஷாஸ் தெரு வீட்டில் தனி அறைகளுக்குக் குடிவந்தார். ஊர் என்னென்னவோ பேசியது. கல்யாணமாகாத பெண்ணும் ஆணும் ஒரே கூரையின் கீழ். வேறு எந்தப் பிரபு வீட்டுப் பெண்ணும் இதைச் செய்திருக்க முடியாது, அண்ணன் தம்பி கத்தியோடு வந்திருப்பார்கள். இவளுக்கு வர ஆள் இல்லை. யோசிச்சுப் பார்த்தால், அவள் வாழ்க்கையில் அந்தப் பொய்ப் பதிவு செய்த ஒரே உபகாரம் இதுதான்.

அடுத்த பன்னிரண்டு வருஷம் அவள் செய்தது எனக்கு இன்னும் ஆச்சரியம். தினமும் சாயங்காலம் அஞ்சிலிருந்து ஒன்பது மணி வரை வீடு திறந்திருக்கும். மற்ற சீமாட்டிகளின் வரவேற்பறைகளில் விருந்து உண்டு. ஜோஃப்ரான் வீட்டில் திங்கள்கிழமை ஓவியர்களுக்கு, புதன்கிழமை எழுத்தாளர்களுக்கு. ஜூலியால் சோறு போடக் கட்டுப்படியாகாது. அவள் வீட்டில் பேச்சு மட்டும்தான். அப்படியும் வந்தார்கள். த்யுர்கோ, இளம் கோந்தோர்செ, தலாம்பேர், தத்துவவாதி டேவிட் ஹியூம் பாரிஸில் இருந்த காலத்தில் அவரும். பிரெஞ்சு அகாடமியில் அடுத்த காலி இடம் யாருக்கு என்பதில் அந்த அறையின் குரலுக்கு எடை இருந்தது. அகாடமிக்குள் பெண்களுக்கு இடம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க. பெயரில்லாமல் பிறந்த ஆண் ஒரு புத்தகம் எழுதிப் பெயர் சம்பாதிக்கலாம், தலாம்பேர் 1743இல் அதைத்தான் செய்தார், நம்ம ரெண்டு மார்க் கேள்வி அந்தப் புத்தகத்திலிருந்துதான். இவளுக்கு இருந்தது ஒரு வாடகை அறையும், யாரிடம் எந்த விஷயத்தை எப்போது தொடங்கவேண்டும் என்ற கணக்கும்.

அந்த நிலையும் எவ்வளவு மெல்லிசு என்பதற்கு ஒரு உதாரணம். 1769இல் தீதரோ ஓர் உரையாடல் நூல் எழுதினார். தலாம்பேர் கனவில் உளறுவது போலவும், பக்கத்திலிருந்து ஜூலி ஒரு மருத்துவரோடு உடம்பு, உயிர், இனப்பெருக்கம் பற்றியெல்லாம் கூச்சமில்லாமல் விவாதிப்பது போலவும். உயிரோடு இருக்கிறவள், நிஜப் பெயர், அனுமதி கேட்கவில்லை. அவள் கோபப்பட்டாள், தலாம்பேர் கையெழுத்துப் பிரதியை அழிக்கச் சொன்னார். 1830இல்தான் அது அச்சானது. புத்தகம் அருமை, அதை மறுக்கலை. ஆனால் ஒரு நிஜச் சீமாட்டியின் பெயரைத் தீதரோ அப்படி எடுத்துக் கையாண்டிருப்பாரா?

இணையத்தில் ஜூலியைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது அவளுடைய காதல் கதை. அதைச் சுருக்கமா சொல்லிடறேன். மோரா என்ற ஸ்பெயின் நாட்டு இளம் பிரபு, தூதரின் மகன். அவனுக்கு அவள்மேல் உயிர். ஸ்பெயினின் முதல்தரக் குடும்பம், அப்பா பெயரில்லாத, அவனைவிடப் பன்னிரண்டு வயசு மூத்த ஒருத்தியை எப்படி ஏற்கும்? குடும்பம் அவனைத் திருப்பி அழைத்துக்கொண்டது. காசநோயோடு அவளிடம் திரும்பி வரும் வழியில், 1774 மே மாதம், போர்தோ நகரில் இறந்துபோனான். அதற்குள் அவள் மனம் கிபேர் என்ற இளம் ராணுவ அதிகாரியிடம் போயிருந்தது. போர்த்தந்திரம் பற்றிய புத்தகம் எழுதிப் பேர் வாங்கினவர். குற்ற உணர்ச்சியும் ஆசையும் கலந்து அவருக்கு அவள் எழுதிய கடிதங்கள்தான் இன்றைக்குப் பிரெஞ்சு இலக்கியத்தில் அவளுக்கு இடம் வாங்கிக்கொடுத்தவை. அவர் 1775இல் வசதியான குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மனம் உடைந்தது, தூங்க அபினி, உடம்பும் விட்டுப்போனது. 1776 மே மாதம் இறந்தாள். நாற்பத்து மூன்று வயசு.

அவளுடைய காகிதங்களைப் பார்க்கும் பொறுப்பு தலாம்பேருக்கு வந்தது. கடிதங்களைப் படித்தபோதுதான், பல வருஷமாக அவள் மனசில் தான் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. மனுஷன் அதற்கப்புறம் தேறவே இல்லை. 1783இல் இறந்தார். மதாம் து தெஃபான் செய்தி கேட்டு, அவள் பதினைந்து வருஷம் முன்னாடியே செத்திருந்தால் தலாம்பேரை நான் இழந்திருக்க மாட்டேன் என்ற அர்த்தத்தில் எழுதினார். பன்னிரண்டு வருஷமாகியும் ஆறாத கோபம். கிபேருக்கு எழுதிய கடிதங்களை 1809இல் வெளியிட்டது யார் தெரியுமா? கிபேரின் விதவை மனைவி.

சட்டம் என்ன ஆச்சு என்று கேட்பீங்க. புரட்சி வந்தது. 1793 நவம்பரில் தேசிய மாநாடு, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கும் சம பங்கு என்று சட்டம் போட்டது. ஆனால் ஜூலி மாதிரி, பெற்றோரில் ஒருவர் வேறொருவரோடு கல்யாணமாகியிருந்தால் முழுப் பங்கு இல்லை, மூன்றில் ஒரு பங்குதான். 1804இல் நெப்போலியனின் சட்டத் தொகுப்பு அந்தக் கொஞ்சத்தையும் பிடுங்கிக்கொண்டது. 1972இல் மற்றவர்களுக்குச் சமத்துவம் வந்தபோதும் இந்த ஒரு வகைப் பிள்ளைகளுக்குப் பாகுபாடு மிச்சம் இருந்தது. 2000இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்ஸைக் கண்டித்த பிறகு, 2001 டிசம்பரில்தான் அந்த வித்தியாசம் எடுக்கப்பட்டது. எனக்கு அப்போது சின்ன வயசு, எங்கள் தெருவில் டயல்-அப் இன்டர்நெட் வந்துவிட்டிருந்தது. அவ்வளவு சமீபம்.

அடுத்த எபிசோடில் தலாம்பேரின் அம்மா மதாம் த தென்சினைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கேன். சின்ன வயசில் கட்டாயப்படுத்தி கன்னியாஸ்திரீ ஆக்கப்பட்டு, வழக்குப் போட்டு வெளியே வந்தவர். மகனைப் படிக்கட்டில் விட்டவர் என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தால் அது பாதிக் கதைதான். கேள்விகள் இருந்தால் எழுதி அனுப்புங்க, அந்த எபிசோடிலேயே சேர்த்துப் பேசிடலாம்.